மாடி அவருக்கு, வெயில்?

கேள்வி: ராமேஸ்வரத்தில் வாடகைக்கு இருக்கிறேன். நம் மாவட்டத்துக் கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சோலார் வந்துவிட்டது. என் தலைக்கு மேல் நாலு பேனல் வராதா?

பதில்: வரும், வீட்டுக்காரர் மனசு வைத்தால். வெயில் பொதுச்சொத்து, மொட்டைமாடியும் மின் இணைப்பும் அவர் சொத்து. மொட்டைமாடி சோலாருக்கு மத்திய அரசு தரும் பி.எம். சூர்ய கர் மானியம், 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய், இணைப்பு யார் பெயரிலோ அவருக்குத்தான். அவர் பேனல் போடட்டும். கரன்ட் பில்லில் மிச்சமாவதில் ஒரு பங்கை வாடகையோடு கொடுத்துவிடுங்கள். ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. 1 கிலோவாட் நாளுக்குச் சுமார் 4 யூனிட் தரும். நம் உப்புக்காற்று சாதாரண இரும்பை விட்டுவைக்காது. அலுமினியச் சட்டமும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) போல்ட்டும் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். பேனலில் படியும் உப்பை நல்ல தண்ணீரில் துடைக்கும் வேலை என்னுடையது என்று சொல்லிப் பாருங்கள், பேரம் படிந்துவிடும்.