சுவரின் தந்தையும் ஆறு ஏணிகளும்

2016 ஏப்ரலில் சீனாவின் ஹார்பின் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஃபாங் பின்ஷிங் பேச வந்தார். அவர் படித்த இடம்தான். தலைப்பு இணையப் பாதுகாப்பு. தென் கொரியாவிலும் இணையத்துக்குக் கட்டுப்பாடு உண்டு என்று மாணவர்களுக்குக் காட்ட ஒரு கொரியத் தளத்தைத் திறக்கப் பார்த்தார். திறக்கவில்லை. சீன அரசின் இணையச் சுவர் குறுக்கே நின்றது. அந்தச் சுவருக்குத் தலைமை மேஸ்திரி இவர்தான். ‘சுவரின் தந்தை’ என்றுதான் ஊரே அழைக்கிறது. பெற்ற பிள்ளை அப்பனை வாசலிலேயே நிறுத்திவிட்டது. அப்பா என்ன செய்தார்? அரங்கமே பார்த்துக்கொண்டிருக்க, விபிஎன் போட்டுச் சுவரேறிக் குதித்தார். அந்த விபிஎன்னும் நடுவில் அறுந்து போனது. கட்டுமானம் அவ்வளவு உறுதி.

அவருக்கு இது புதுப் பழக்கமில்லை. 2011 பிப்ரவரியில் ‘குளோபல் டைம்ஸ்’ பேட்டியில், வீட்டுக் கணினியில் ஆறு விபிஎன் வைத்திருப்பதாக அவரே சொன்னார். சுவர் ஜெயிக்கிறதா, விபிஎன் ஜெயிக்கிறதா என்று சோதித்துப் பார்க்க மட்டுமாம். மதுவிலக்கு அதிகாரி தரப் பரிசோதனைக்காக வீட்டில் ஆறு பாட்டில் வைத்திருப்பது மாதிரி. அதற்கு முந்தைய டிசம்பரில் வெய்போ என்ற சீனச் சமூக ஊடகத்தில் ஒரு கணக்கு தொடங்கியிருந்தார். வந்து குவிந்த வசவைத் தாங்க முடியாமல் சில நாளிலேயே கடையை மூடினார். 2011 மே மாதம் வூஹான் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் அவர் மேல் முட்டையும் ஷூவும் வீசினார். முட்டை குறி தப்பியது, ஷூ தப்பவில்லை. நூறு கோடிப் பேரின் பேச்சை வடிகட்டத் தெரிந்தவருக்கு ஒரு ஷூவை வடிகட்டத் தெரியவில்லை.

சீனாவில் விபிஎன்னுக்கு மக்கள் வைத்த பெயர் ‘ஏணி’. அதில் ஏறிப் போவது ‘சுவர் தாண்டுவது’. விடுதிச் சுவரேறிக் குதித்து இரண்டாம் ஆட்டம் பார்க்கப் போனவர்களுக்கு அந்தச் சொல் இனிக்கும். நம்மை வார்டன் பிடித்தால் வீட்டுக்குக் கடிதம் போகும், அவ்வளவுதான். அங்கே போலீஸ் ‘டீ குடிக்க’ அழைக்கும். விசாரணைக்கு அங்கே மக்கள் வைத்திருக்கும் பெயர் அது. சுவருக்கு அந்தப் பக்கம் சினிமாக் கொட்டகையும் கிடையாது. கூகுள் இருக்கிறது, விக்கிப்பீடியா இருக்கிறது, 1989 ஜூன் 4 அன்று தியானன்மென் பக்கம் யார் யாரைச் சுட்டார்கள் என்ற விவரம் இருக்கிறது. அந்தத் தேதி நெருங்கினால் வெய்போவில் மெழுகுவத்திப் படம்கூட ஒளிந்துகொள்ளும். ஒரு வல்லரசு, ராணுவத்தையும் ராக்கெட்டையும் வைத்துக்கொண்டு, மெழுகுவத்திப் படத்துக்குப் பயப்படுகிறது.

வெறும் ஏணியைச் சுவர் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடும். விபிஎன் பேச்சைத் தொடங்குகிற தோரணையே காட்டிக்கொடுத்துவிடும். அதனால் ஏணிக்கு வேஷம் கட்டுகிறார்கள். வெளிநாட்டில் மாத வாடகைக்கு ஒரு சர்வர் எடுக்க வேண்டும். அதற்கு ஒரு டொமைன் பெயர், முறையான சான்றிதழ். வங்கியும் ஜவுளிக்கடையும் போய்வரும் அதே 443ஆம் எண் வாசல். அந்த வாசலில் ஒரு கடை விரிக்க வேண்டும். கேக் செய்முறைக் கடை என்று வைத்துக்கொள்வோம். வருகிறவர் சரியான ரகசியச் சொல்லைக் கொடுத்தால் கொல்லைக் கதவு திறக்கும், அதன் வழியே உலகத்துக்குப் போகலாம். சொல் தெரியாதவருக்கு மைதா எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு என்ற விவரம் மட்டும்.

எதற்கு இந்தக் கடை என்றால், சுவர் மஃப்டியில் ஆள் அனுப்பும். ஒரு சர்வர் மேல் சந்தேகம் வந்தால், சாதாரண வாடிக்கையாளர் மாதிரி சுவரே அதன் கதவைத் தட்டிப் பார்க்கும். இன்று ஒரு முகவரியிலிருந்து, நாளை வேறொரு முகவரியிலிருந்து. உள்ளே இருப்பவன் திருதிருவென்று விழித்தாலோ, பதிலே பேசாமல் கதவைச் சாத்தினாலோ அகப்பட்டான், முகவரி அடைபட்டுவிடும். அசராமல் கேக் செய்முறையை நீட்டினால் பிழைத்தான். அங்கே பொய் வேஷம் போடாமல் ஓர் உண்மையைப் படிக்க வழியில்லை. வேஷத்தைக் கட்டாயமாக்கியவனே, ஏன் வேஷம் போட்டாய் என்று விசாரணையும் வைக்கிறான்.

2021 நவம்பரில் சுவருக்கு இன்னொரு ஞானம் பிறந்தது. முழுக்க மறையாக்கம் செய்த பேச்சு, பார்ப்பவருக்குத் தலைகால் புரியாமல் இருக்கும். அதைப் பிடிக்க ஒரு கணக்கு கண்டுபிடித்தார்கள். ஆய்வாளர்கள் அதைக் குடைந்து பார்த்து 2023இல் வெளியிட்டார்கள். இணைப்பின் முதல் தரவுப் பொட்டலத்தை எடுத்து, ஒரு பைட்டின் எட்டு பிட்டுகளில் எத்தனை ‘1’ இருக்கிறது என்று எண்ணிச் சராசரி போடுவார்களாம். 3.4க்கும் 4.6க்கும் நடுவே விழுந்தால் சந்தேகக் கேஸ். அரசுக்குப் பிடிக்காததைப் பேசினால் குற்றம் என்பது பழைய சட்டம். அரசுக்குப் புரியாததைப் பேசினாலே குற்றம் என்பது புதுச் சட்டம். ஆனால் சந்தேகப்பட்ட எல்லாவற்றையும் அடைக்கவில்லை. ஏறக்குறைய நாலில் ஒன்றைத்தான், அதுவும் மூன்று மூன்று நிமிடம். எல்லாப் பேருந்தையும் நிறுத்தினால் ஊர் கொதிக்கும். நாலில் ஒன்றை நிறுத்தினால் நமக்கு வாய்த்தது இவ்வளவுதான் என்று பயணி தன் தலையில் அடித்துக்கொள்வான். படித்தவர்கள் உட்கார்ந்து யோசித்த கொடுமை இது.

அந்தக் கணக்கிலும் ஓர் ஓட்டை. பொட்டலத்தின் முதல் ஆறு எழுத்து படிக்கத்தக்க எழுத்தாக இருந்தால் சுவர் சலாம் போட்டு அனுப்பிவிடும். தெரிந்ததும் ஏணிக்காரர்கள் தலைப்பில் ஆறு எழுத்தை ஒட்டி அனுப்ப ஆரம்பித்தார்கள். நம் தாத்தாக்கள் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போட்டது போலத்தான். விக்கினம் விலகியது. கோடி கோடியாகக் கொட்டிக் கட்டிய சுவர் ஒரு சுழிக்கு வழிவிட்டது.

சிரித்து முடித்துவிட்டோமா? இனி பில்லைப் பார்ப்போம். ஹெபெய் மாகாணம் செங்தே நகரில் ஒரு நிரலர், வீட்டிலிருந்தபடி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்தார். ஏணி வைத்துப் போனார் என்று சொல்லி, சுமார் மூன்று ஆண்டுச் சம்பளம், பத்து லட்சம் யுவானுக்கு மேல், ‘சட்டவிரோத வருமானம்’ என்று பறிமுதல். 2023இல் விஷயம் வெளியே வந்தது. அதற்கு மேல் அபராதம் 200 யுவான். வீட்டைக் கொள்ளையடித்துவிட்டு வாசலில் செருப்புக்கு டோக்கன் காசு கேட்பது இதுதான். குவாங்ஸியில் ஏணி விற்ற ஒருவருக்கு 2017 டிசம்பரில் ஐந்தரை ஆண்டு சிறை, 5 லட்சம் யுவான் அபராதம். ‘ஷேடோசாக்ஸ்’ என்ற ஏணியை எழுதிய நிரலரை 2015 ஆகஸ்டில் போலீஸ் தேடிவந்தது. தான் எழுதிய நிரலைத் தன் கையாலேயே அழித்தார். தந்தையின் ஆறு ஏணிக்கு என்ன தண்டனை என்று கேட்காதீர்கள். அது ஆராய்ச்சி.

சீனாவில் ட்விட்டர் (இன்றைய எக்ஸ்) 2009இலிருந்து அடைபட்டுக் கிடக்கிறது. ஆனால் சீன வெளியுறவு அமைச்சகத்தின் பேச்சாளர்கள் அதே ட்விட்டரில் உட்கார்ந்து உலகத்தோடு மல்லுக்கட்டுகிறார்கள். சொந்த ஜனம் படிக்கக்கூடாத இடத்தில், சொந்த ஜனத்தின் பெயரால்! சுவர் என்பது ஏணி இல்லாதவனுக்கு மட்டும்தான். இந்த வியாதி ஒரே நாட்டோடு நிற்பதுமில்லை. 2022 ஏப்ரல் 3 அன்று இலங்கையில் சமூக ஊடகங்களை அடைத்தார்கள். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவுக்குச் சித்தப்பா ஜனாதிபதி, அப்பா பிரதமர். அவரோ, தடைபட்ட அதே ட்விட்டரில் வந்து, விபிஎன் இருக்கும்போது இந்தத் தடையெல்லாம் வீண், நானே இப்போது அதில்தான் வந்திருக்கிறேன் என்று எழுதினார். பெட்ரோலுக்கும் கேஸுக்கும் வரிசையில் நின்ற ஜனம் அதைப் படிக்கவும் ஓர் ஏணி தேட வேண்டியிருந்தது.

1987 செப்டம்பரில் பெய்ஜிங்கிலிருந்து ஜெர்மனிக்கு முதல் மின்னஞ்சல் போனது. பெருஞ்சுவரைத் தாண்டி உலகின் எந்த மூலையையும் எட்டலாம் என்பதுதான் அதன் செய்தி. இன்று அதையே ஒரு மாணவி தன் அறையிலிருந்து சொல்லிப் பார்க்க வேண்டுமானால், முதலில் வெளிநாட்டில் ஒரு கேக் கடை திறக்க வேண்டும்.

நள்ளிரவில் அந்தக் கடையின் கதவு தட்டப்படுகிறது. தட்டுவது யார் என்று கடைக்குத் தெரியும். மரியாதையாகத் திறந்து பக்கத்தை நீட்டுகிறது: மைதா இருநூறு கிராம், சர்க்கரை நூற்றைம்பது, வெண்ணெய் நூறு, முட்டை மூன்று. வூஹானில் வீசியது போக மிச்சம்.