யாரைப் பத்தியாம்?

பாட்டுக் கேட்பவர்களில் பல வகை உண்டு. தாளத்துக்குத் தொடை தட்டுபவர், பாடகரை முந்திக்கொண்டு அடுத்த வரியைப் பாடிவிடுபவர், இடையிசை வந்தால் எழுந்துபோய்த் தண்ணீர் குடிப்பவர், ‘எங்க காலத்துல...’ என்று பெருமூச்சு விடுபவர். இவர்களால் யாருக்கும் பெரிய தொந்தரவு இல்லை. இன்னொரு வகை இருக்கிறது. பாட்டு தொடங்கி அரை நிமிடம் ஆவதற்குள் நம் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, “இது யாரைப் பத்தின்னு தெரியுமா சார்?” என்று கேட்கும் வகை. அவருக்கு நாம் துப்பு சார் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

துப்பு சார் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. வயது இருபத்தைந்தும் இருக்கலாம், ஐம்பத்தைந்தும் இருக்கலாம். மேலைநாட்டுப் பாப் இசை அவருடைய சரகம். எந்தப் பாடகி யாரோடு எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் பிரிந்தார் என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆல்பம் வெளியான தேதியிலிருந்து பிரிந்த தேதியைக் கழித்துப் பார்த்து, “நாலு மாசம் இடிக்குது சார். அப்போ இது பழைய ஆளு” என்று தீர்ப்புச் சொல்வார். அவருடைய சொந்தக் கல்யாண நாளைக் கேட்டால் மாதம் மட்டும் சொல்வார்.

டெய்லர் ஸ்விஃப்ட் அவருடைய குலதெய்வம். நியாயமாகப் பார்த்தால் துப்பு சாருக்கு முதல் துப்பைக் கொடுத்ததே அந்த அம்மணிதான். 2006-ல் வந்த முதல் ஆல்பத்திலேயே, உறைக்குள் இருந்த பாட்டுப் புத்தகத்தில் அங்கங்கே சில எழுத்துகளை மட்டும் பெரிய எழுத்தாக அச்சிட வைத்தார். அவற்றைப் பொறுக்கிக் கோத்தால் ஒரு ரகசியச் செய்தி வரும். தன் வரிகளை ரசிகர்கள் ஊன்றி வாசிக்க வேண்டும் என்பதற்காகச் செய்த விளையாட்டு என்று பின்னால் அவரே சொன்னார். வரியை வாசிக்க வைப்பதற்காக அவர் எழுத்தை ஒளித்தார். துப்பு சார் எழுத்தைப் பொறுக்கிக்கொண்டு வரியைப் போட்டுவிட்டு வந்துவிட்டார்.

2012-ன் ‘ரெட்’ ஆல்பத்தில் ‘ஆல் டூ வெல்’ என்றொரு பாட்டு. காதலனின் அக்கா வீட்டில் மறந்து வைத்துவிட்டு வந்த ஒரு ஸ்கார்ஃப் அதில் வருகிறது. முதலில் போகிற போக்கில் வரும் பொருள், பாட்டின் பிற்பகுதியில் திரும்ப வரும்போது முறிந்துபோன உறவின் பாரம் முழுவதும் அதன்மேல் ஏறியிருக்கிறது. இந்தப் பாட்டின் 10 நிமிடம் 13 விநாடி நீண்ட வடிவம் 2021-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது. முதலிடம் பிடித்த பாட்டுகளிலேயே நீளமானது என்று, டான் மக்லீனின் ‘அமெரிக்கன் பை’ 1972 முதல் வைத்திருந்த பெயரைப் பறித்துக்கொண்டது. பத்து நிமிடமும் கேட்பவரை உட்கார வைத்தது எது என்று துப்பு சாரிடம் கேட்டுப் பாருங்கள்.

“அதை விடுங்க சார். அந்த ஸ்கார்ஃப் இப்போ எங்கே இருக்கு, சொல்லுங்க பாப்போம்?”

“பாட்டுல இருக்கு.”

“அய்ய, அது இல்ல சார். ஒரிஜினல்!”

துப்பு சாருக்கு முன்னோடிகள் உண்டு. 1972-ல் கார்லி சைமன் ‘யூ ஆர் சோ வெய்ன்’ என்று ஒரு தற்பெருமைக்காரனை வாங்கு வாங்கென்று வாங்கினார். அந்த ஆள் யார் என்று உலகம் முப்பது வருடம் மண்டையை உடைத்துக்கொண்டது. சந்தேகப் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவரான மிக் ஜாகர், அதே பாட்டில் பின்னணிக் குரலும் கொடுத்திருந்தார். 2003-ல் ஓர் அறக்கட்டளை ஏலத்தில் சைமன் அந்த ரகசியத்தையே ஏலம் விட்டார். என்.பி.சி. தொலைக்காட்சியின் விளையாட்டுப் பிரிவுத் தலைவராக இருந்த டிக் எபர்சால் 50,000 டாலருக்கு எடுத்தார். ஒரே நிபந்தனை: வெளியே சொல்லக் கூடாது.

இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் துப்பு சாருக்குத் தொண்டை அடைக்கும். “அவ்வளவு பணம் குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டு, ஒருத்தர்கிட்டயும் சொல்லாம இருக்கணுமாம் சார். அதுக்குத் தெரிஞ்சுக்காமலே இருந்திருக்கலாமே!” அவருடைய தத்துவம் முழுவதும் இந்த ஒரு வாக்கியத்தில் அடக்கம்.

2015-ல் சைமன் பாதி உண்மையை அவிழ்த்தார். இரண்டாவது சரணம் மட்டும்தான் நடிகர் வாரன் பேட்டியைப் பற்றியதாம். மற்றவை வேறு இருவரைப் பற்றியவையாம். முதலில் அந்த மெட்டுக்கு வேறு தலைப்பு, வேறு சொற்கள் இருந்தன என்பது தனிச் செய்தி. மூன்று ஆண்களை வெட்டி ஒட்டி, பழைய மெட்டில் உட்கார வைத்து, ஒரே ஆணைத் திட்டுவதுபோலக் காட்டியிருக்கிறார். இதைத்தான் தொழில் என்கிறோம். துப்பு சாரோ, “இன்னும் ரெண்டு பேர் பாக்கி” என்று டைரியில் குறித்துக்கொண்டார்.

அவர் தினமும் பாராயணம் செய்யும் புராணம், ஃப்ளீட்வுட் மேக் குழுவின் ‘ரூமர்ஸ்’. 1977-ல் வந்த ஆல்பம். பெயரே வதந்திகள் என்பதால் இவருக்கென்றே வைத்ததுபோல இருக்கும். பதிவு நடந்தபோது குழுவிலிருந்த ஒரு தம்பதி விவாகரத்தில், ஒரு காதல் ஜோடி பிரிவில், மிச்சமிருந்த ஒருவரின் இல்லறமும் ஆட்டத்தில். லிண்ட்ஸி பக்கிங்ஹாம், பிரிந்துபோன ஸ்டீவி நிக்ஸைக் குத்திக்காட்டி ஒரு பாட்டு எழுதினார். அதற்கு நிக்ஸே கூடச் சேர்ந்து பாட வேண்டியிருந்தது. கிறிஸ்டின் மக்வீ தன் புதுக் காதலரான ஒளியமைப்பாளரை நினைத்து ஒரு பாட்டு எழுதினார். பிரிந்துகொண்டிருந்த கணவர் ஜான் யாரைப் பற்றி என்று கேட்டுவிடக் கூடாதே என்று, நாயைப் பற்றிய பாட்டு என்று சொல்லி வைத்தாராம். அந்தப் பாட்டுக்கு பேஸ் கிட்டார் வாசித்தவர் ஜான்.

துப்பு சாருக்கு இதில் ஒரே குறை, அந்த நாயின் பெயர் கிடைக்கவில்லை. முகம் பார்த்துப் பேசாத ஐந்து பேர் சுருதியும் தாளமும் பிசகாமல் ஒரு முழு ஆல்பத்தை எப்படி முடித்தார்கள் என்ற கேள்வி அவர் விசாரணையில் வருவதே இல்லை.

துப்பு சார் தோற்ற வழக்குகளும் உண்டு. ‘ஐ வில் ஆல்வேஸ் லவ் யூ’ பாட்டை விட்னி ஹ்யூஸ்டன் 1992-ல் உச்சத்துக்குக் கொண்டுபோனார். அதை எழுதி 1974-ல் முதலில் வெளியிட்டவர் டாலி பார்ட்டன். அந்தக் காதலன் யார் என்று துப்பு சார் நெடுநாள் அலைந்தார். காதலனே இல்லை. தன்னை வளர்த்துவிட்ட போர்ட்டர் வாகனரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியிலிருந்து விலகித் தனியே போக நினைத்த டாலி, அவரிடம் விடைபெறுவதற்காக எழுதியது. அதாவது ராஜினாமா கடிதம். அன்று மதியம் துப்பு சார் சாப்பிடவில்லை.

‘ஜோலீன்’ விஷயத்தில் பாதி வெற்றி. கணவரிடம் கொஞ்சிப் பேசிய ஒரு வங்கி ஊழியப் பெண்தான் கதைக்கு மூலம் என்று டாலியே சொல்லியிருக்கிறார். பெயர் மட்டும் அவளுடையது இல்லை. கையெழுத்து வாங்க வந்த ஒரு குட்டிப் பெண்ணின் பெயர். ஆள் ஒருத்தி, பெயர் இன்னொருத்தி. வழக்கை எந்தப் பெயரில் பதிவது என்று துப்பு சாருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெரிய அடி 2020-ல் விழுந்தது. ஊரடங்கு நேரத்தில் ஸ்விஃப்ட் ‘ஃபோக்லோர்’ ஆல்பத்தை வெளியிட்டார். அதில் மூன்று பாட்டுகள் ஒரே காதல் சிக்கலை மூன்று பேர் வாயால் சொல்கின்றன. பெட்டி, ஜேம்ஸ், இன்னொரு பெண் என்று மூவருமே கற்பனைப் பள்ளிப் பிள்ளைகள். வேறொரு பாட்டு, ஸ்விஃப்ட் 2013-ல் ரோட் ஐலண்டில் வாங்கிய வீட்டின் பழைய சொந்தக்காரி ரெபெக்கா ஹார்க்னஸைப் பற்றியது.

“இல்லாத ஆளைப் பத்தி எழுதுறது மோசடி இல்லையா சார்?”

“கதாசிரியர்கள் எல்லாரும் அதைத்தானே செய்யுறாங்க?”

“அவங்க செய்யலாம். இவங்க நம்ம வீட்டுப் பொண்ணு மாதிரி. மறைக்கலாமா?”

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அதே ஆல்பத்தில் துப்பு சாருக்கு ஒரு வெற்றியும் கிடைத்தது. இரண்டு பாட்டுகளில் ‘வில்லியம் பௌரி’ என்று முன்பின் கேள்விப்படாத ஒரு பெயர் எழுத்தாளர் பட்டியலில் இருந்தது. அது அப்போதைய காதலர் ஜோ ஆல்வின்தான் என்று இவர் வகையறா ஊகித்தார்கள். அந்த நவம்பரில் ஸ்விஃப்டே அதை ஒப்புக்கொண்டார். அன்று துப்பு சார் அலுவலகம் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தார். இருவர் சேர்ந்து ஒரு பாட்டை எப்படி எழுதினார்கள் என்று யாரோ கேட்டபோது, “அது எதுக்கு நமக்கு?” என்று கிளாஸைக் கீழே வைத்தார்.

இந்த வம்சம் நமக்கும் புதிதல்ல. துப்பு சாரின் பெரியப்பா கண்ணதாசன் ரசிகர். எந்தப் பாட்டைப் போட்டாலும் அதன் பின்னால் ஒரு சண்டை, ஒரு கடன், ஒரு கட்சி மாற்றம் வைத்திருப்பார். 1967-ல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ படத்தில் சிவகாமியின் மகனுக்குச் சேதி சொல்லும் பாட்டு, காமராஜருக்குக் கவிஞர் விட்ட தூது என்பது நாடறிந்த கதை. காமராஜரின் தாயார் பெயர் சிவகாமி. பெரியப்பா அதோடு வெற்றிலையைப் போட்டுக்கொள்வார். அதே வரிகள் ஒரு காதல் காட்சிக்கும் பொருந்தி, ஆர். கோவர்தனத்தின் மெட்டிலும் உறுத்தாமல் உட்கார்ந்து, காமராஜரையே அறியாத பிள்ளைகளையும் பாட வைப்பது எப்படி என்பது அவருக்கு வேண்டாத விவகாரம்.

தொழில் பேச்சை எடுத்தால் துப்பு சாருக்குக் கொட்டாவி வரும். 2022 செப்டம்பரில் நாஷ்வில் நகரத்துப் பாடலாசிரியர்கள் ஸ்விஃப்டுக்கு விருது கொடுத்தபோது, அவர் தன் பாட்டுகளை மூன்று பேனாக்களாகப் பிரித்துச் சொன்னார். பழைய காலத்துச் சொல்லும் நடையும் கொண்டவை இறகுப் பேனா. இன்றைய வாழ்க்கையை நுணுக்கமாகச் சொல்பவை மைப் பேனா. கவலையில்லாமல் ஆட வைப்பவை மினுமினுக்கும் ஜெல் பேனா. சொல்லின் வயதும் எடையும் பார்த்து வகை பிரிக்கும் கைக்காரரின் பேச்சு அது. துப்பு சாரிடம் சொன்னேன். “பேனா யார் வாங்கிக் குடுத்தாங்களாம்?” என்றார்.

‘யெஸ்டர்டே’ கதையையும் சொல்லிப் பார்த்தேன். மெட்டு வந்துவிட்டது, சொல் வரவில்லை. அதுவரை பால் மெக்கார்ட்னி முட்டைப் பொரியலைப் பற்றிப் பொம்மை வரிகள் போட்டுப் பாடிக்கொண்டிருந்தார். நம் ஊர் தத்தகாரம் மாதிரிதான். பிறகு அதே அசைகளுக்குள் ஒரு பெரிய துக்கத்தை அடக்கினார். துப்பு சார் முகம் மலர்ந்தது. “அந்த முட்டையைப் பொரிச்சது யாரு?”

அவருடைய சட்டத்தில் ஓர் ஓரவஞ்சனையும் உண்டு. எட் ஷீரனும் புரூனோ மார்ஸும் காதலிகளைப் பற்றி எழுதினால் அது கவித்துவம். ஒரு பெண் எழுதினால் அது பட்டியல். 2014-ல் ஸ்விஃப்ட் இந்தப் பாகுபாட்டை ஒரு பேட்டியில் நேராகவே கேட்டார். அதே ஆண்டு ‘பிளாங்க் ஸ்பேஸ்’ பாட்டில் பதிலும் கொடுத்தார். பத்திரிகைகள் வரைந்த ‘ஆண்களை மாற்றி மாற்றி விழுங்கும் பைத்தியக்காரி’யையே ஒரு பாத்திரமாக்கி அவள் குரலில் பாடினார். வம்பையே கச்சாப் பொருளாக்கிய வித்தை அது. துப்பு சார் அதையும் வாக்குமூலமாகத்தான் பதிவுசெய்தார்.

2023 ஜூனில் மினியாபொலிஸ் மேடையில் ஒரு பழைய பாட்டுக்கு முன்னால் ஸ்விஃப்ட் ரசிகர்களிடம் ஒரு வேண்டுகோள் வைத்தார். தன் பத்தொன்பது வயதில் நடந்ததைப் பற்றித் தனக்கு இப்போது கவலை இல்லை, தான் எழுதிய பாட்டுகள் மட்டுமே முக்கியம், யாரைப் பற்றியோ என்று நினைத்துக்கொண்டு எவர்மீதும் இணையத்தில் பாயாதீர்கள் என்பது அதன் சாரம். பாதிக்கப்பட்டவரே வழக்கைத் திரும்பப் பெற்றுவிட்டார். துப்பு சார் மட்டும் மேல்முறையீட்டில் இருக்கிறார்.

அவருக்காக ஒரு கடைசிச் சாட்சி. 1968-ல் ஜான் லெனானின் இல்வாழ்க்கை முறிந்தபோது, அவருடைய ஐந்து வயது மகன் ஜூலியனைத் தேற்றுவதற்காக மெக்கார்ட்னி ‘ஹே ஜூட்’ எழுதத் தொடங்கினார். ‘ஜூல்ஸ்’ என்றிருந்த செல்லப் பெயரை, பாட வாகாக இருக்கும் என்று ‘ஜூட்’ ஆக்கினார். கூடவே இருந்த லெனானோ, அந்தப் பாட்டு தன்னைப் பற்றியது என்றே நினைத்தார். பாட்டு பிறந்த வீட்டுக்குள்ளேயே துப்புத் தவறிவிட்டது. தவறிப்போனதில் வியப்பில்லை. ஓர் ஓசையை மாற்றி, ஒரு முகவரியை அழித்து, கேட்கிற ஒவ்வொருவரும் ‘இது என்னைப் பற்றித்தான்’ என்று நினைக்கும்படி செய்வதுதான் பாட்டு எழுதுகிறவரின் வேலை.

ஆகவே உங்கள் பக்கத்து இருக்கைத் துப்பு சார் அடுத்த முறை சாய்ந்து குரலைத் தாழ்த்தும்போது, “என்னைப் பத்தி சார்” என்று சொல்லிவிடுங்கள். பாட்டு முடியும்வரை வாயைத் திறக்க மாட்டார்.