தோற்றவன் அனுப்பிய பில்

நவம்பர் 18 ஹெய்தியில் தேசிய விடுமுறை. 1803-ல் அதே நாளில் வெர்த்தியேர் என்ற இடத்தில், அடிமைகளாய்ச் சாட்டையடி பட்டவர்கள் நெப்போலியனின் படையை மண்ணைக் கவ்வ வைத்தார்கள். ஹெய்தித் தளபதி கபுவாவின் குதிரை குண்டடிபட்டுச் சாய்ந்தது, தொப்பி பறந்தது, மனிதர் வாளோடு நடந்தே முன்னேறினார். பிரெஞ்சுத் தளபதி ரோஷாம்போ முரசறைந்து சண்டையை நிறுத்தி, அவர் வீரத்துக்குப் பாராட்டு சொல்லி அனுப்பினாராம். கறுப்பர்களை வேட்டையாடக் கியூபாவிலிருந்து நாய்களைத் தருவித்தவரும் இதே ரோஷாம்போதான். என்ன இருந்தாலும் நாகரிகம் தெரிந்தவர்கள்!

அந்த நாகரிகம் 1825-ல் உச்சம் தொட்டது. தோற்றவன் ஜெயித்தவனுக்கு பில் அனுப்பினான். ‘உங்களைத் தனி நாடாக ஏற்க வேண்டுமா, 15 கோடி பிராங்க் வையுங்கள்’ என்றார் பிரான்ஸ் மன்னர் பத்தாம் சார்லஸ். ஓலையைக் கொண்டுவந்தவை போர்க்கப்பல்கள். பழைய பிரெஞ்சு எஜமானர்கள் இழந்த சொத்துக்கு நஷ்ட ஈடாம். தோட்டம், ஆலை, அவற்றில் மாடாய் உழைத்த ஆட்கள் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்தி. ரத்தம் சிந்தி வாங்கிய விடுதலைக்கு ரொக்கமும் கட்ட வேண்டும்.

முதல் தவணைக்கே கஜானாவில் பணமில்லை. பாரிஸ் வங்கிக்காரர்கள் எதற்கு இருக்கிறார்கள்? 3 கோடிக்குக் கடன் எழுதி வாங்கிக்கொண்டு, 60 லட்சத்தை முதலிலேயே பிடித்துக்கொண்டார்கள். மிச்சமும் பிரான்சுக்கே போனது. நம்மூர் மீட்டர் வட்டிக்காரன் இவர்களிடம் கைகட்டி நின்று பாடம் கேட்க வேண்டும். 1838-ல் தொகையை 9 கோடியாகக் குறைத்தார்கள். தர்மப் பிரபுக்கள்!

பிறகு அமெரிக்கா பங்குக்கு வந்தது. 1914-ல் அதன் கடற்படை வீரர்கள் ஹெய்தி வங்கியிலிருந்து 5 லட்சம் டாலர் தங்கத்தை நியூயார்க்குக்கு அள்ளிக்கொண்டு போனார்கள். பத்திரமாக வைக்கத்தானாம். அடுத்த வருடம் படையோடு வந்து 19 ஆண்டு குந்தினார்கள்.

2003-ல் ஹெய்தி ஜனாதிபதி அரிஸ்டிட் கணக்குப் போட்டு, பிரான்சிடம் 2,168 கோடி டாலரைத் திருப்பிக் கேட்டார். 2004 பிப்ரவரியில் ஓர் அமெரிக்க விமானம் அவரையே நாட்டைவிட்டு ஏற்றிக்கொண்டு போனது.

2024-ல் வெர்த்தியேர் விழா நடந்த அதே வாரத்தில், ஹெய்தியின் தலைவர்களை முழு முட்டாள்கள் என்று பிரெஞ்சு அதிபர் மக்ரோன் சொன்னது கேமராவில் பதிவானது. மறு ஏப்ரலில், இந்தப் பழைய கடனை ஆராய வரலாற்றாசிரியர்கள் குழு ஒன்றை அறிவித்தார். ஆராயட்டும், பாவம், அவசரமில்லை. 1825-ல் மட்டும் குழு எதுவும் போடாமல் நேரே பீரங்கியோடு வந்தார்கள்.