பால் பொங்கினால் யாருக்கு மெசேஜ்?

இன்ஸ்டன்ட் காப்பி குடித்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அங்கங்கே கசப்பு தட்டினால் காரணம் அதுதான். எங்கள் வீட்டுப் பித்தளை ஃபில்டரை என் அக்கா மகன் போன ஞாயிற்றுக்கிழமை, “டைமென்ஷன் எடுக்கணும் மாமா” என்று சொல்லி எடுத்துக்கொண்டு போனான். ஹாஸ்டலுக்குப் போன பாத்திரம் வீடு திரும்பியதாகச் சரித்திரம் உண்டா? போன் பண்ணிக் கேட்டால், “3டி மாடல் போயிட்டிருக்கு மாமா” என்கிறான். ஒரு டப்பா மேல் இன்னொரு டப்பா, மேல் டப்பாவின் அடியில் ஓட்டை. ஃபில்டர் என்பது இவ்வளவுதான். இதற்கு வெர்னியர் காலிப்பர் வைத்து அளந்து ஒரு வாரம் படம் போடுகிறார்கள்.

பையன் இசிஇ கடைசி வருடம். ‘ஐஓடி அடிப்படையிலான ஸ்மார்ட் ஃபில்டர் காப்பி இயந்திரம்’ என்பது ப்ராஜெக்டின் தலைப்பு. நால்வர் அணி. ஒருவன் கோடிங். ஒரு பெண் பிபிடி. இன்னொருவன் ரிச்சி தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கி வருவான். என் மருமகன் டீம் லீடர். அதாவது, அவனுக்கு வேலை கிடையாது. திட்டமிடும் கூட்டங்கள் எங்கள் வீட்டு ஹாலில் நடக்கின்றன. என் மேல் உள்ள பாசத்தால் என்று நினைத்துவிடாதீர்கள், வைஃபை மேல் உள்ள பாசம்.

இந்தத் திட்டத்தில் உண்மையிலேயே ஒரு நல்ல அம்சம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையே. ஆனால் வரிசையாகப் போவோம்.

திட்டம் காப்பியிலிருந்து தொடங்கியிருக்கும் என்று நீங்கள் நினைத்தால் உங்கள் வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பிள்ளை இல்லை என்று அர்த்தம். மொபைல் ஆப்பிலிருந்து தொடங்கினார்கள். லோகோ தயார். லாகின் பக்கம் தயார். ஓடிபி கூட வருகிறது.

“காப்பிக்கு எதுக்குப்பா ஓடிபி?”

“செக்யூரிட்டி அங்கிள். வேற யாராவது உங்க காப்பிய ஆன் பண்ணிட்டா?”

எனக்கான காப்பியை இந்த வீட்டில் வேறு யாராவது ஆன் செய்வார்களானால் நான் அவர்கள் காலில் விழத் தயார்.

பிறகு பிளாக் டயகிராமைக் காட்டினார்கள். நடுவில் ஈஎஸ்பி32. அதைச் சுற்றி வெப்பநிலை சென்சார், லோட் செல், ரிலே, பம்ப், கிளவுட் என்று கட்டம் கட்டமாகப் பெட்டிகள். காப்பித்தூளுக்கு ஒரு பெட்டியும் இல்லை. கேட்டதற்கு, “அது இன்புட் மாமா, யூசர் பார்த்துப்பார்” என்றான் லீடர். யூசர் யார் என்று நான் கேட்கவில்லை. நால்வரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஸீரோத் ரிவ்யூவுக்கு லிட்டரேச்சர் சர்வே வேண்டுமாம். சரி, நாலு புத்தி சொன்ன மாதிரியும் இருக்கும் என்று நான் கேம்பிரிட்ஜ் கதையை எடுத்தேன். 1991. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கம்ப்யூட்டர் ஆய்வகத்தில் ட்ரோஜன் ரூம் என்று ஓர் அறை, அதன் வாசலில் காப்பிப் பானை. மற்ற அறைகளிலிருந்தும் மாடிகளிலிருந்தும் நடந்து வருகிறவர்களுக்குப் பானை காலியாக இருந்தால் வயிற்றெரிச்சல். ஆகவே பானைக்கு எதிரே ஒரு கேமராவை மாட்டினார்கள். 128-க்கு 128 பிக்சல், கறுப்பு வெள்ளை. படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து போகலாம். 1993-இல் அது வலைக்கு வந்து உலகமே அந்தப் பானையைப் பார்த்தது. 2001 ஆகஸ்டில் கேமராவை அணைத்தார்கள். கடைசியாக அங்கிருந்த க்ரப்ஸ் பானையை ஜெர்மனியின் ஷ்பீகல் இணைய இதழ் 3,350 பவுண்டுக்கு ஏலம் எடுத்தது.

“இதிலிருந்து என்ன தெரியுது?” என்று கேட்டேன். ‘காப்பி இருக்கிறதா, இல்லையா’ என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் தேடினார்கள், அதோடு நிறுத்திக்கொண்டார்கள் என்பது நான் எதிர்பார்த்த விடை.

“கேமராவும் சேர்க்கலாம்னு தெரியுது அங்கிள்” என்றான் கோடிங் பையன். பிளாக் டயகிராமில் இன்னொரு பெட்டி முளைத்தது.

விடுவேனா? 1998 ஏப்ரல் 1-ஆம் தேதி லாரி மாசின்டர் என்பவர் காப்பிப் பானைகளை இணையத்தின் வழியே இயக்குவதற்கு ஒரு நெறிமுறை எழுதினார், ஆர்எஃப்சி 2324 என்று அதற்கு எண். தேதியைப் பார்த்தாலே தெரியும், கேலி. வலைக்கான எச்டிடிபி நெறிமுறையைக் கண்டபடி நீட்டுகிறார்கள் என்று குத்திக்காட்டத்தான் எழுதினார். தேநீர்க் கெண்டியிடம் காப்பி கேட்டால் அது ‘நான் கெண்டி’ என்று 418-ஆம் எண் பிழையைத் திருப்பி அனுப்ப வேண்டும். இதைச் சொன்னதும் பிபிடி பெண் மிகுந்த மரியாதையோடு அந்த எண்ணைக் குறித்துக்கொண்டாள். ரெஃபரன்ஸ் பக்கத்தில் அது முதல் வரிசையில் நிற்கிறது.

கடைசி அஸ்திரமாக ஜூசெரோ. அமெரிக்காவில் 2016-இல் வந்த வைஃபை ஜூஸ் இயந்திரம். தொடக்க விலை 699 டாலர், பிறகு 399. பழத்துண்டுப் பையை உள்ளே வைத்தால் பிழிந்து தரும். 2017 ஏப்ரலில் ப்ளூம்பெர்க் நிருபர்கள் அந்தப் பையைக் கையாலேயே பிழிந்து காட்டினார்கள். செப்டம்பரில் கம்பெனி கடையைக் கட்டிவிட்டது. முதலீடு மட்டும் சுமார் 12 கோடி டாலர் என்று சொல்லி முடித்தேன். நால்வரும் அமைதியானார்கள். உறைத்துவிட்டது என்று நினைத்தேன்.

“12 கோடி டாலரா! ஐடியாவுக்கேவா அங்கிள்?” என்றான் ரிச்சி தெருப் பையன்.

அதோடு லிட்டரேச்சர் முடிந்தது. நல்ல அம்சத்துக்கு வருகிறேன். அதற்கு முன் பாலை மட்டும் முடித்துவிடுகிறேன்.

காலை ஆறு மணிக்கு அலாரம் அடிக்கும்போதே காப்பி தயாராக இருக்க வேண்டும். இதுதான் ப்ராப்ளம் ஸ்டேட்மென்ட். “பால்?” என்று கேட்டேன். ராத்திரியே டேங்கில் ஊற்றிவிட வேண்டுமாம். சென்னையில், மே மாதத்தில், ராத்திரி ஊற்றிய பால் காலை ஆறு மணிக்கு என்னவாக இருக்கும்? “தயிர்” என்றேன். பிபிடி பெண் ‘மல்டி பிவரேஜ்’ என்று எழுதிக்கொண்டாள்.

சரி, பாலைக் குளிர வைக்க பெல்டியர் தகடு. அது ஒரு பக்கம் குளிரும், மறுபக்கம் கொதிக்கும். கொதிக்கிற பக்கத்துக்கு ஹீட் சிங்க்கும் மின்விசிறியும் வேண்டும். தகடு 12 வோல்ட்டில் 6 ஆம்பியர் வரை இழுக்கும், ஆகவே தனி பவர் சப்ளை. ராத்திரி முழுக்க விசிறி இரையும், ஆகவே மெஷினைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் வைக்க வேண்டும். அங்கே வைஃபை எட்டாது, ஆகவே ஒரு ரிப்பீட்டர். கரண்ட் போனால்? பேட்டரி. பேட்டரி இறங்கினால்? நோட்டிஃபிகேஷன். யாருக்கு? யூசருக்கு. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து, பாலை ஃபிரிட்ஜுக்கு மாற்றிவிட்டு யூசர் படுத்துக்கொள்ளலாம். பாலை முதலிலேயே ஃபிரிட்ஜில் வைத்திருந்தால் என்ன என்று கேட்டேன். “அப்ப அதுல இன்னோவேஷன் எங்க மாமா?” என்றான் லீடர்.

குளிர வைத்தாயிற்று, இனி காய்ச்ச வேண்டும். ஹீட்டர் போட்டு, வெப்பநிலை சென்சாரை உள்ளே விட்டு, நூறு டிகிரியில் அணைத்துவிடலாம் என்பது திட்டம். பால் பொங்குவதற்கு டிகிரி பார்க்குமா? மேலே புரதமும் கொழுப்பும் ஆடை கட்டும், அடியிலிருந்து வரும் ஆவி அதில் சிக்கி நுரைத்துக்கொண்டு எழும். சென்சார் அடியில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கும்போது பால் ஸ்விட்ச் போர்டை எட்டியிருக்கும். அப்படியானால் உயரத்தை அளக்க அல்ட்ராசானிக் சென்சார். எதிரே ஆவி பறந்தால் அதற்குக் கண் கட்டிவிடும். அப்படியானால் கேமரா, கேமராவுக்குப் பின்னால் ஏஐ. ஏஐ சேர்த்தால் நல்ல மார்க் போடலாம் என்று அவர்கள் கைடு முன்பே ஜாடை காட்டியிருக்கிறாராம்.

ஏஐக்குப் பால் பொங்குவதைக் கற்றுக்கொடுக்க ஆயிரம் போட்டோ வேண்டும். எடுக்குமிடம், என் அடுப்பு.

வாழ்க்கையில் ஒரு நாளும் எனக்காகக் காத்திராத பால் அன்று பொங்க மறுத்தது. நால்வரும் நானும் சுற்றி நின்று முறைக்கிறோம். அது யோசித்துக்கொண்டே இருக்கிறது. என் மனைவி எட்டிப் பார்த்து, “என்ன, பாலுக்கு வைவாவா?” என்று கேட்டுவிட்டுப் போனாள். லீடருக்கு ஒரு போன் வந்தது. ஐந்து தலையும் ஒரு விநாடி அந்தப் பக்கம் திரும்பின. பொங்கிவிட்டது. பர்னர் அணைந்து, மேடை வழிந்து, பால் தரைக்கு வந்தது. போட்டோ ஒன்றுகூட இல்லை. “பரவால்ல அங்கிள், இன்னொரு பாக்கெட் இருக்கா?” என்றது கோடிங்.

காய்ச்சிய பால் டம்ளருக்கு வர பெரிஸ்டால்டிக் பம்ப். உருளைகள் சிலிகான் குழாயை நசுக்கி நசுக்கிப் பாலைத் தள்ளும். ஆடை குழாயில் போய் அடைக்கும், ஆகவே வழியில் ஒரு வடிகட்டி. ஒவ்வொரு முறையும் குழாயைக் கழுவ வெந்நீர் டேங்க். கழுவின தண்ணீருக்கு ஒரு தட்டு. தட்டு நிரம்பினால் சென்சார். சென்சார் சொன்னால் நோட்டிஃபிகேஷன். தட்டைக் கொட்டுவது யூசர். வடிகட்டியைக் கழுவுவது யூசர். பாக்கெட்டை வெட்டுவது யூசர். தூள் போடுவது, தண்ணீர் ஊற்றுவது, டம்ளரைக் கொண்டுவந்து அடியில் வைப்பது, எல்லாம் யூசர். காப்பியை ஆற்றுவதற்கு மட்டும் இரண்டு சர்வோ மோட்டார் போட்டிருக்கிறார்கள். அவை ஒன்றையொன்று இன்னும் சந்திக்கவில்லை. பட்ஜெட் ஷீட்டில் சர்வோவுக்குப் பணம் ஒதுக்கியாயிற்று. பாலுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. பால் என் கணக்கு.

இத்தனைக்கும் நால்வரில் ஒருவருக்கும் காப்பி போடத் தெரியாது. டிகாஷன் எத்தனை நேரம் இறங்கும் என்று என்னைக் கேட்டார்கள். தூளின் அரைப்பு, சிக்கரி, தண்ணீரின் சூடு, மேலே எவ்வளவு அழுத்தினோம் என்பதையெல்லாம் பொறுத்தது என்றேன். “ஆவரேஜா சொல்லுங்க அங்கிள், கோட்ல ஒரு நம்பர்தான் போட முடியும்” என்றான் கோடிங் பையன். கடையில் வாங்கும் தூளில் சட்டப்படியே 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். இவன் ஆவரேஜ் கேட்கிறான்.

சிரித்துக்கொண்டே எழுதுவதாக நினைக்காதீர்கள். படிக்கிற பிள்ளைகள்தான், புத்தி இல்லாதவர்கள் இல்லை. வீட்டில் எது தொல்லை என்று ஒரு நாள் சமையலறையில் நின்று பார்த்துவிட்டு வந்து திட்டம் போடுங்கள் என்று யாருமே அவர்களுக்குச் சொல்வதில்லை. தலைப்பில் ஸ்மார்ட் இருக்கிறதா, பேஸ் பேப்பர் இருக்கிறதா, ஸ்லைடில் கிளவுட் படம் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அத்தனை ரிவ்யூவும்.

ஆகவே, கடைசி வருடப் பிள்ளைகளே, ஒரு விண்ணப்பம். காப்பி போட இந்த நாட்டில் ஆள் பஞ்சம் இல்லை. போடுகிறவர்களுக்கு அதில் ஒரு சந்தோஷம்கூட உண்டு. அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்க்கத்தான் ஆள் இல்லை. அதற்கு ஒரு மெஷின் செய்யுங்கள். ஆப் வேண்டாம், ஓடிபி வேண்டாம், ஒரே ஒரு சுவிட்ச் போதும். செலவை நானே ஏற்றுக்கொள்கிறேன்.