தாத்தா பிறந்த தேதி

கேள்வி: 1938-ல் பிறந்த என் தாத்தாவின் பிறப்புப் பதிவைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா? 'இப்போது எதற்கு?' என்று குடைவார்களே!
(வாசகர், கும்பகோணம்)

பதில்: குடைய முடியாது. காரணம் கேட்கக் கூடாது என்று சட்டமே அதிகாரியின் வாயைக் கட்டியிருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். 20 வருடத்துக்கு முந்தைய சங்கதி என்பதால் 'அந்தரங்கம்' என்று தட்டிக்கழிப்பதும் கஷ்டம். பிரிவு 8(3)-ஐக் காட்டுங்கள்.

ஆனால், பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள். இல்லாததை எழுதித் தரச் சட்டத்தில் இடமில்லை. தாத்தா, தலையைச் சுற்றிக் காதைத் தொட்டுப் பள்ளியில் சேர்ந்தவரா? அப்படியானால் ஆளைப் பெற்றவர் கொள்ளுப்பாட்டி, தேதியைப் பெற்றவர் தலைமையாசிரியர். சான்றிதழில் ஜூன் மாதம்தானே போட்டிருக்கிறது?