எட்டு எழுத்து மிச்சம்

பெர்ல் மொழியை உருவாக்கிய லாரி வால், நல்ல புரோகிராமருக்கு மூன்று நற்குணங்கள் வேண்டும் என்று எழுதிவைத்தார்: சோம்பல், பொறுமையின்மை, இறுமாப்பு. முதலாவது என்னிடம் தாராளமாக இருப்பதை அவருக்கு முன்பே கண்டுபிடித்தவர் என் அம்மா. அவர் அதை நற்குணத்தில் சேர்க்கவில்லை, அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு கம்பெனியின் சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. எங்கள் தொழிலில் ஒருவருடைய சோம்பலை அளக்க ஆளைப் பார்க்க வேண்டாம். அவருடைய 'பாஷ் ஆர்சி' ஃபைலைத் திறந்தால் போதும். டெர்மினலைத் திறந்ததும் ஷெல் படித்துக்கொள்ளும் ஃபைல் அது. நீளமான கமாண்டுகளுக்கு நாம் வைக்கும் செல்லப்பெயர்கள், அதாவது ஏலியாஸ்கள், அங்கேதான் இருக்கும். கோடின் மாற்றங்களைக் காட்டும் 'ஜிட் ஸ்டேட்டஸ்' கமாண்டை ஆங்கிலத்தில் முழுதாக அடித்தால் இடைவெளியும் சேர்த்துப் பத்து எழுத்து. 'ஜிஎஸ்' என்று சுருக்கினால் இரண்டு. எட்டு எழுத்து மிச்சம். இந்த எட்டை மிச்சம் பிடிக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையையே செலவழிப்பவர்கள் எங்களில் உண்டு. அந்த ஃபைலைப் பத்திரப்படுத்த ஒரு ரெபாசிட்டரி, அதைப் புது லேப்டாப்பில் இறக்க ஒரு ஸ்கிரிப்ட், அது மேக்கில் ஓடாவிட்டால் அதற்கென்று இன்னொரு ஸ்கிரிப்ட்.

ஆனால் செல்லப்பெயர் சொந்த மெஷினில்தான் செல்லும். அடுத்த சீட்டுக்காரர் மெஷினில் போய் 'ஜிஎஸ்' என்று தட்டினால், கோஸ்ட்ஸ்கிரிப்ட் எழுந்து வந்து "என்ன வேணும்?" என்று நிற்கும். போஸ்ட்ஸ்கிரிப்ட், பிடிஎஃப் ஃபைல்களைக் கையாளும் மென்பொருள். 1980களிலிருந்தே அந்த இரண்டு எழுத்துக்கும் பட்டா வைத்திருக்கிறது.

இதையாவது மூடிவிட்டு வந்துவிடலாம். ஃபைலை அழிக்கும் 'ஆர்எம்' விஷயம் அப்படியல்ல. ரெட்ஹாட் லினக்ஸில் ரூட்டாக, அதாவது நிர்வாகியாக, நுழைந்தால் அதற்கு முன்கூட்டியே ஒரு ஏலியாஸ் போட்டுத் தந்திருப்பார்கள்: "அழிக்கட்டுமா?" என்று ஒவ்வொரு ஃபைலுக்கும் கேட்கும். அதிலேயே வளர்ந்தவர் டெபியன் சர்வருக்குப் போனால், அங்கே கேட்பாரில்லை. கேள்வி வரட்டும், வேண்டாமென்று சொல்லலாம் என்று விரல் காத்திருக்கும். காத்துக்கொண்டே இருக்கும்.

கேட்கிற மென்பொருளும் உண்டு. ஜிட்டில் 'ஆட்டோகரெக்ட்' என்று ஓர் அமைப்பு. கமாண்டில் எழுத்தை முன்பின் மாற்றி அடித்தால், எதைச் சொல்ல வந்தோம் என்று ஊகித்து அதுவே ஓட்டும். அதற்கு 1 என்று மதிப்பு கொடுத்துவிட்டு, 'ஆன் பண்ணியாயிற்று' என்று நாம் நினைத்துக்கொள்வோம். ஜிட்டோ நெடுங்காலம் அந்த ஒன்றை 0.1 விநாடி என்று எடுத்துக்கொண்டது. "0.1 விநாடியில் ஓட்டப்போகிறேன், ஆட்சேபணை இருந்தால் சொல்லலாம்" என்று அறிவித்துவிட்டு ஓட்டும். நம் ஊரில் நிலம் கையகப்படுத்தும் நோட்டீஸுக்குக்கூட இதைவிட அவகாசம் தருவார்கள்.

எங்கள் சர்வரில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் இருக்கிறது. வேலையை விட்டுப்போய்ப் பல வருடமான ஓர் அண்ணன் எழுதியது. நட்டநடுவில் 'ஸ்லீப் 7' என்று ஒரு வரி. ஏழு விநாடி தூங்கு என்று அர்த்தம். பக்கத்தில் கமென்ட்: "இதைத் தொடாதே." ஏன் ஏழு? ஐந்து ஆகாதா? துடிப்பான பையன் ஒருவன் அந்த வரியை எடுத்தான், பேக்கப் விழுந்தது. திரும்பப் போட்டான், எழுந்தது. அதற்குமேல் ஆராய யாருக்கும் மனமில்லை.

அந்த ஸ்கிரிப்ட்டை வாராவாரம் எழுப்பிவிடுவது கிரான். நிமிடம், மணி, தேதி, மாதம், கிழமை என்று ஐந்து கட்டத்தை நிரப்பிவிட்டால் யாரும் ஞாபகப்படுத்தாமலே ஓடும். இந்த வேலைப் பட்டியலைத் திருத்த, கமாண்டோடு 'ஈ' சேர்க்க வேண்டும். பட்டியலையே ஒரு வார்த்தை கேட்காமல் துடைக்க 'ஆர்'. கீபோர்டில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். இப்படி அமைத்தவர் மனித குலத்தின் மேல் வைத்திருந்த நம்பிக்கையை நினைத்தால் கண் கலங்குகிறது.

அண்ணன் திங்கட்கிழமை அதிகாலை 2 மணி என்று போட்டிருந்தார். சர்வர் ஓடுவது யூடிசி நேரத்தில். நம் கடிகாரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால். ஆக, இங்கே காலை 7:30. திங்கள் 7:30 என்றால் என்ன என்று நான் யோசித்ததில்லை. பேக்கப் தவற ஆரம்பித்தபோது எங்கள் மேனேஜர், அமெரிக்காவில் எம்எஸ் படித்தவர், யோசித்தார்.

"ராகு காலம் ஆரம்பிக்குற நேரத்துலயாப்பா பேக்கப் எடுக்குறீங்க?"

"சார், பேக்கப் ஃபெயிலாகுறது டிஸ்க் நிறைஞ்சுபோறதால. லாக்ல தெளிவா இருக்கு."

"அதான், டிஸ்க் ஏன் திங்கட்கிழமை பார்த்து நிறையுது?"

பேக்கப்பே திங்கள் மட்டும்தான் என்று விளக்கியும் பயனில்லை. ஞாயிறு யூடிசி 23 மணிக்கு மாற்றினேன்; நமக்குத் திங்கள் விடிகாலை 4:30. கையோடு பழைய ஃபைல்களையும் அழித்து டிஸ்க்கில் இடம் பண்ணினேன். அதன்பின் பேக்கப் தவறியதே இல்லை. பெயர் யாருக்குப் போயிற்று என்று சொல்ல வேண்டியதில்லை. மேனேஜர் சொன்னபடி கிரான் வரிக்கு மேலே ஒரு கமென்டும் ஏறியது: "பிரம்ம முகூர்த்தம். மாற்ற வேண்டாம்."

போன மாதம் புனேயிலிருந்து வந்து சேர்ந்த பெண் அதைப் பார்த்துவிட்டு, அது என்ன ஸ்டாண்டர்டு என்று கேட்டார். கம்ப்ளையன்ஸ் என்றேன். அப்படியே டாக்குமென்டில் ஏற்றிவிட்டார். ஆடிட்டில் அதற்கும் ஒரு டிக் விழுந்தது.