கையெழுத்துப் போடாத வள்ளல்

திருப்புட்குழிக்காரர்களுக்குப் பறப்பதைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். சீதையைத் தூக்கிப்போன ராவணனை வானத்திலேயே மறித்து, சிறகு வெட்டுப்பட்டு விழுந்த ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் இது என்பது தலபுராணம். ஊர்ப் பெயரிலேயே புள் இருக்கிறது, குழியும் இருக்கிறது. விஜயராகவப் பெருமாள் கோயில் குளத்துக்கு ஜடாயு தீர்த்தம் என்று பெயர்.

எனக்கு ஜடாயு மேல் ஒரே ஒரு வருத்தம்தான். பிழைக்கத் தெரியாத பறவை. ஆளைக் கடல் கடந்து தூக்கிப்போகிறவனைக் கண்டால் வழிவிட்டு ஒதுங்க வேண்டாமா? ஒதுங்கியதற்குக் கமிஷன் கேட்டு வாங்க வேண்டாமா? இந்த இரண்டும் தெரிந்த மகான் ஒருவர் எங்கள் பக்கத்தில், பெங்களூர் ரோட்டு ஓரத்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் கடை போட்டிருந்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். அவருக்கே பிடிக்காது. எந்தக் காகிதத்திலும் தன் பெயர் வந்துவிடக் கூடாது என்பதில் அத்தனை அடக்கமானவர். ஊருக்கு அவர் விசா அண்ணன், அவ்வளவுதான்.

என் அக்கா மகன் டிப்ளமோ முடித்து, ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாகப் பதினான்கு மாதம் வேலை பார்த்தவன். கனடா பி.ஆர்., அதாவது நிரந்தர வசிப்புரிமை, வேண்டும் என்றான். முதலில் நாங்கள் செய்த முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன். உரிமம் உள்ள ஆலோசகர் ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசினோம். கனடாவில் இதற்கென்றே குடியேற்ற, குடியுரிமை ஆலோசகர்களுக்கான கல்லூரி ஒன்று இருக்கிறது. பாடம் நடத்துகிற கல்லூரி இல்லை. ஆலோசகர்களுக்குக் கடிவாளம் போடுகிற அமைப்பு. 2021 நவம்பரில் பொறுப்பேற்றது. உரிமம் பெற்றவருக்கு 'ஆர்' எழுத்தும் ஆறு இலக்கமும் சேர்ந்த எண் உண்டு. கல்லூரியின் பதிவேட்டில் அந்த எண்ணைத் தட்டினால், ஆள் உண்மையா, உரிமம் நடப்பில் இருக்கிறதா, முடக்கிவைத்திருக்கிறார்களா என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். என்ன கொடுமை பாருங்கள், ஒரு மனிதனின் அந்தரங்கத்தை இப்படியா ஊர் பார்க்க விரித்துவைப்பது?

அந்த ஆலோசகர் அரைமணி நேரம் கேள்வி கேட்டார். கட்டணத்துக்கு ரசீது அனுப்பினார். பிறகு சொன்னார்: "பதினாலு மாச அனுபவத்துக்குப் பாயிண்ட் பத்தாது தம்பி. ஆங்கிலப் பரீட்சையில ஸ்கோரை ஏத்துங்க, இன்னும் ரெண்டு வருஷம் வேலை பாருங்க. இப்பப் போட்டா பணம் தண்டம்." வாய் கூசாமல் உண்மையைப் பேசிவிட்டார். கண்டிப்பாகக் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் சார் என்றால், அப்படி உறுதி தரவே எங்கள் ஒழுங்குவிதியில் இடமில்லை என்கிறார். நல்ல வார்த்தை சொல்லத் தெரியாதவருக்கு எதற்கு உரிமம்?

விசா அண்ணனைப் பாருங்கள். "கனடாதானே? அடிச்சிரலாம்ணா" என்றார். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள்.

எங்கள் பெருமாள் கோயில் மரகதவல்லித் தாயார் வறுத்த பயறை முளைக்கவைப்பவர். பிள்ளை வரம் கேட்டு வரும் பெண்கள் வறுத்த பயறை நனைத்து மடியில் கட்டிக்கொண்டு இரவு படுப்பார்கள். விடியும்போது முளைத்திருந்தால் வேண்டுதல் பலிக்கும் என்பது நம்பிக்கை. தாயாருக்கு ஒரு ராத்திரி தேவைப்படுகிறது. அண்ணனுக்கு அரைமணி நேரம் போதும். மேஜையின் இரண்டாவது டிராயரைத் திறந்தார். பிஸ்கட் டப்பா ஒன்றில் ரப்பர் ஸ்டாம்புகள் தலைகீழாக அடுக்கியிருந்தன. எது எந்தக் கம்பெனி என்று தெரிய ஒவ்வொன்றின் கட்டையிலும் ஸ்கெட்ச் பேனாவால் ஓரெழுத்து. ஒன்றை எடுத்து வாயால் ஊதி, மை தொட்டு, அமுக்கினார். பதினான்கு மாதம் மூன்று வருடமாக முளைத்து இலை விட்டுவிட்டது.

மூன்றரை லட்சம். அக்காவின் காசுமாலையும் ஒரு ஜோடி வளையலும் அடகுக் கடைக்குப் போயின. ரசீது கேட்டதற்கு, விசிட்டிங் கார்டின் பின்பக்கத்தில் தொகையை எழுதிக் கொடுத்தார். பென்சிலில். "பேனா மை இந்தக் கார்டுல ஒட்டாதுக்கா." எதிலும் நிரந்தரமில்லை என்று உணர்ந்த ஞானிக்குத்தான் இந்தப் பக்குவம் வரும்.

அவருடைய தியாகத்தின் உச்சம் இனிமேல்தான். காசு வாங்கிக்கொண்டு கனடா விண்ணப்பத்துக்கு ஆலோசனை சொல்பவர் வழக்கறிஞராகவோ, கியூபெக் நோட்டரியாகவோ, அந்தக் கல்லூரியின் உரிமம் பெற்றவராகவோ இருக்க வேண்டும் என்பது கனடா சட்டம். அப்படி ஒருவர் உதவியிருந்தால் அவர் யார், உரிம எண் என்ன என்று விண்ணப்பத்தோடு எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வந்ததும் அண்ணன் திரையை லேசாகத் தன் பக்கம் திருப்பி, 'இல்லை' என்பதில் தட்டினார். "நீயே போட்ட மாதிரி இருந்தாத்தான் மதிப்பு தம்பி." இருபத்திரண்டு பக்கம் நிரப்பிவிட்டுப் புகழ் முழுவதையும் பையனுக்கே விட்டுக்கொடுத்த மனம் அது. ஊர்க் கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்துவிட்டு அதன்மேல் உபயம் என்று வெளிச்சம் மறைய எழுதுகிறவர்கள் இவரிடம் கற்க வேண்டும்.

கனடாக்காரர்கள் இப்படிப்பட்டவர்களை 'பேய் ஆலோசகர்' என்கிறார்கள். இது அபாண்டம். நம்மூர்ப் பேய்க்குப் புளியமரம் என்று நிலையான விலாசம் உண்டு.

விண்ணப்பத்தில் கொடுத்த மின்னஞ்சலும் அண்ணனுடையதே. பாஸ்வேர்டும் அவரிடமே. கெட்ட செய்தி எங்கள் வீட்டு வாசலை மிதிக்கக் கூடாது என்ற கருணை. அதனால்தான், அனுபவச் சான்றிதழில் சந்தேகம் இருக்கிறது, இந்த நாளுக்குள் விளக்கம் கொடு என்று அங்கிருந்து வந்த கடிதம் எங்களுக்குத் தெரியவே இல்லை. கெடு முடிந்தது. பொய்த் தகவல் தந்ததாக விண்ணப்பம் நிராகரிப்பு, ஐந்து ஆண்டுத் தடை. கையெழுத்து யாருடையது? பையனுடையது. பொய் யாருடையது? சட்டத்தின் கண்ணில் அதுவும் பையனுடையது. அண்ணன் அந்தக் கதையிலேயே இல்லை.

இந்த அடக்கம் எங்கள் ஊருக்கு மட்டும் சொந்தம் என்று பெருமை கொள்ள வழியில்லை. ஜலந்தரில் பிரிஜேஷ் மிஸ்ரா என்பவர் கனடாக் கல்லூரிகளின் போலி அனுமதிக் கடிதங்களை மாணவர்களுக்கு வாரி வழங்கினார். அந்த விண்ணப்பங்களும் மாணவர்கள் தாங்களே போட்டதாகத்தான் போயின. படிப்பை முடித்து நிரந்தர வசிப்புரிமை கேட்ட நேரத்தில் பலருக்கு நாடுகடத்தும் கடிதம் வந்தது. 2024 மே மாதம் வான்கூவரில் அவருக்கு மூன்று ஆண்டுச் சிறை விதித்தார்கள். கனடாவுக்குத் தானே நேரில் போனது அவர் செய்த பிழை. எங்கள் அண்ணனிடம் பாஸ்போர்ட்டே கிடையாது.

வளைகுடாவுக்கும் அண்ணன் ஆள் எடுப்பார். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி அதற்குப் பதிவுச் சான்று வேண்டும், சப்-ஏஜென்ட் வைக்கக் கூடாது, தொழிலாளியிடம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் தவிர வாங்கக் கூடாது, பதிவு பெற்றவர் யார் என்பதை அரசின் இமைக்ரேட் தளத்தில் பார்க்கலாம் என்றெல்லாம் டெல்லியில் எழுதிவைத்திருக்கிறார்கள். அண்ணன் இதையெல்லாம் மதித்து, படிக்காமலே வைத்திருக்கிறார். தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய், மியான்மரில் ஆன்லைன் மோசடிக் கும்பலிடம் சிக்கி, 2022 அக்டோபரில் சென்னைக்கு மீட்டுக் கொண்டுவரப்பட்ட 13 தமிழர்களின் செய்தி வந்தபோது அவரிடம் கேட்டேன். "அது வேற ஏஜென்ட்ணா" என்றார். எப்போதும் அது வேறு ஏஜென்ட்தான்.

ஆளின் தகுதி பார்ப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், 919இலும் 921இலும் பராந்தக சோழன் காலத்தில் கல்லில் வெட்டிவைத்திருக்கிறார்கள்: ஊர்ச் சபை வாரியத்துக்கு நிற்பவனுக்கு இவ்வளவு நிலம், சொந்த மனையில் வீடு, இத்தனை வயது, முன்பு பதவியில் இருந்து கணக்குக் காட்டாதவனுக்கு இடமில்லை, அவன் சொந்தக்காரனுக்கும் இல்லை. ஆயிரத்து நூறு வருடம் முந்திப் பிறக்காமல் போனது அண்ணனின் ஜாதக விசேஷம்.

ராமானுஜர் யாதவப்பிரகாசரிடம் பாடம் கேட்டதும் திருப்புட்குழியில்தான் என்பார்கள். குரு சீடனைக் காசி யாத்திரைக்கு அழைத்துப்போனார், கங்கையில் தள்ளிவிடும் எண்ணத்தோடு. விந்தியக் காட்டில் சித்தி மகன் கோவிந்தன் விஷயத்தைக் காதில் போட, ராமானுஜர் தப்பித்தார் என்பது குருபரம்பரைக் கதை. அந்தக் குருவாவது விந்தியம் வரை கூடவே கால்நோக நடந்தார். எங்கள் அண்ணன் யாரோடும் மீனம்பாக்கத்தைத் தாண்டியதில்லை. எங்களுக்கும் ஒரு கோவிந்தன் இருந்தார். ரசீது அனுப்பினாரே, அவர்தான். அவர் பேச்சு கசந்தது என்று விட்டுவிட்டு அண்ணனிடம் ஓடியது நாங்கள். ரசனை உள்ளவர்கள் வேறென்ன செய்வார்கள்?

போன மாதம் மாடி ஏறிப் பார்த்தேன். பூட்டு தொங்கியது. கீழே ஜெராக்ஸ் கடைக்காரர், "அவரு ஜெர்மனி ஆரம்பிச்சிட்டாருண்ணா, காஞ்சிபுரத்துல ஏசி ஆபீஸு" என்றார். அக்கா மகன் மறுபடி ஒரகடத்தில் இரவு ஷிப்ட் போகிறான். தடையில் இன்னும் மூன்று வருடம் எட்டு மாதம் பாக்கி இருக்கிறது.